பீங்கானும் தீப்பொறியும்

மணிமுத்தாற்றங்கரையிலுள்ள பழமலைநாதர் கோயிலாலும் முதுகுன்றம் என்ற பழம்பெயராலும் நெடுங்காலம் அறியப்பட்ட விருத்தாசலம், பீங்கானுக்குப் பெயர்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1956-இல் அமைக்கப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1961-இல் நிலக்கரிப் படிவத்தை எட்டியபோது, அதன் மேலே கிடந்த மண்ணோடு வெண்களிமண்ணும் வெளிவந்தது. அதைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலையையும் அந்நிறுவனம் நடத்தியது. 1958-இல் கிண்டியில் தொடங்கிய தொழிற்பேட்டை முறை மாநிலமெங்கும் பரவிய காலம் அது. களிமண் அருகிலேயே கிடைத்ததாலும், கடலூர்–சேலம் பாதையும் விழுப்புரம்–திருச்சி பாதையும் சந்திக்கும் ரயில் சந்திப்பாக ஊர் இருந்ததாலும், செராமிக் தொழிற்பேட்டையும் கழிவுநீர்க் குழாய் ஆலையும் பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் விருத்தாசலத்தில் இடம்பெற்றன. பேட்டையின் சிறு கூடங்களிலிருந்து பொம்மையும் அகல்விளக்கும் கிண்ணமும் வெளிவந்தன என்றாலும், மின்கம்பத்தில் ஏறும் இன்சுலேட்டரும் வீட்டு மின்பலகையில் செருகும் பியூஸ் கேரியருமே இக்கட்டுரைக்கு வேண்டியவை.

இன்சுலேட்டருக்குரிய பீங்கான் என்பது களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்னும் மூன்று பொருள்களின் கலவையாகும். களிமண் வடிவத்தைத் தருகிறது. குவார்ட்ஸ் எலும்புக்கூடாக நிற்கிறது. சோடியமும் பொட்டாசியமும் கொண்ட பெல்ட்ஸ்பார், சூளையில் 1,200 முதல் 1,350 டிகிரி வரையான வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகி, மற்ற இரண்டின் இடைவெளிகளையும் அடைத்துவிடுகிறது. இன்சுலேட்டரின் மேற்பரப்பிலுள்ள பாவாடை போன்ற மடிப்புகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மழையில் நனைந்த மேற்பரப்பு வழியாக மின்சாரம் கசிய முயன்றால், அது கடக்கவேண்டிய தூரத்தை நீட்டுவதற்காக அமைந்தவை. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளைத் தண்டின் மேற்பகுதியில் காணப்படும் வரிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எனவே, இன்சுலேட்டர் செய்த ஊர் ஏன் ஸ்பார்க் பிளக் செய்யும் ஊராக வளரவில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இதற்கு விடை வெப்பத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோ என்னும் மின்னாக்கியையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கியது முதல், எஞ்சினின் இரும்புத் தலைக்கும் பல ஆயிரம் வோல்ட் தாங்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஒரு தடுப்பு தேவைப்பட்டது. தொடக்கத்தில் பீங்கானும் மைக்காவும் அந்தத் தடுப்பாக இருந்தன. ஆனால், ஓடும் எஞ்சினில் பிளக்கின் மூக்கு 500 முதல் 850 டிகிரி வரை காய்கிறது. கம்பத்தின் மேல் குளிர்ந்த நிலையில் மின்சாரத்தை முழுமையாகத் தடுக்கும் பீங்கான், அந்த வெப்பத்தில் தன் உடலைக் கெட்டிப்படுத்திய பெல்ட்ஸ்பார் கண்ணாடியாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறது. அதிலுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் நகரத் தொடங்கி, தீப்பொறியாக வேண்டிய மின்சாரம் தண்டு வழியே கசிந்துவிடுகிறது. 1930-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அலுமினா என்னும் அலுமினியம் ஆக்சைடைச் சுட்டுப் பிளக் தண்டாக்கிய பின்னர், உலகெங்கும் பிளக் தொழில் அந்தத் திசையிலேயே சென்றது. இன்றைய தண்டில் ஏறத்தாழ 95 சதவீதம் அலுமினா. அதைச் சுட 1,600 டிகிரியை ஒட்டிய சூளை வேண்டும். நெய்வேலிக் களிமண்ணும் அதற்கேற்ற சூளையும் இருந்த பேட்டைக்கு அது வேறொரு தொழில். இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்தது 1951-இல் பெங்களூரில் போஷின் கூட்டில் தொடங்கிய மைக்கோ.

இத்தகைய பிளக்குகளைக் கொண்டு தமிழ்நாட்டின் மலைத்தோட்டங்களிலும் வனத்துறையிலும் கரட்டுப் பாதைகளிலும் ஓடிய ஜீப், 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் வண்டியின் வழிவந்தது. அதன் எஞ்சினுக்கு எப்போது பொறி கொடுப்பது என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் சுழல் கருவி தீர்மானித்தது. பாயிண்ட் என மெக்கானிக்குகள் சொல்லும் தொடுமுனை திறக்கும் கணத்தில் காயில் என்னும் கம்பிச்சுருளில் உயர் மின்னழுத்தம் பிறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உரிய பிளக்குக்குச் சென்றது. 1961-இல் சென்னைப் பாடியில் தொடங்கிய லூகாஸ்–டிவிஎஸ், இத்தகைய மின்சாதனங்களை உள்நாட்டிலேயே செய்தது. பாயிண்டைத் தேய்ப்பதும் இடைவெளியை அளப்பதும் டைமிங் வைப்பதும் மெக்கானிக்கின் கையும் காதும் சார்ந்த கலை. 1970-களில் பெட்ரோல் விலை ஏறியதும் பல ஜீப்புகள் டீசலுக்கு மாறின. அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும் டீசலுக்குத் தீப்பொறியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம் என்பதால், இந்தக் கதையில் அது ஓர் இடைவெளி மட்டுமே.

கதை மீண்டும் பீங்கானிடம் வந்தது புகையால். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி கட்டாயமாகி, ஈயம் கலவாத பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 2000-இல் ஈயம் நாடு முழுவதும் விலக்கப்பட்டது. ஈயம் படிந்தால் கெட்டுவிடும் இன்னொரு பொருளுக்கும் இதனால் வழி திறந்தது. 1976-இல் வோல்வோ கார்களில் போஷ் முதன்முதலாகப் பொருத்திய லாம்டா சென்சார், புகைக்குழாயில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. அதன் உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான். சுமார் 300 டிகிரிக்கு மேல் காய்ந்ததும் அதன் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகர்கின்றன. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் அது செய்தி அனுப்புகிறது. சூடேறினால் அயனிகளுக்கு வழிவிடுவது பழைய பிளக் தண்டில் குற்றம். லாம்டா சென்சாரில் அதுவே குணம். எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சாரும், அதிர்வை மின்னழுத்தமாக்கும் இன்னொரு பீங்கான் வில்லையே. மின்சாரத்தைத் தடுப்பதற்கு மட்டும் வண்டிக்குள் வந்த சுட்ட மண், முக்கால் நூற்றாண்டில் எஞ்சினின் நிலையைத் தெரிவிக்கும் பொருளாகவும் மாறியது. விருத்தாசலம் வளர்த்த கைத்திறன் இவற்றில் தடுக்கும் பக்கத்தைச் சேர்ந்தது.

இச்செய்திகளைக் கேட்டுப் பெட்ரோலையும் பொறியையும் அளந்து கொடுப்பது, ஈசியு எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி. 1985-இல் கார்புரேட்டருடன் அறிமுகமான மாருதி ஜிப்ஸி, 2000-ஆம் ஆண்டளவில் இன்ஜெக்டரும் ஈசியுவும் பெற்றது. தொழிற்சாலை தந்த ஈசியு, தொழிற்சாலை தந்த எஞ்சினுக்கே கணக்கு வைத்திருக்கும். கேம்ஷாப்டையோ இன்ஜெக்டரையோ மாற்றி, டர்போ ஏற்றிய வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அத்தகைய வண்டிக்கென, பயனாளரே அட்டவணையை எழுதிக்கொள்ளும் தனி ஈசியுக்கள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் 2001-இல் தொடங்கிய மெகாஸ்குவர்ட், அவரவரே பூட்டிக்கொள்ளும் மலிவான பெட்டியாக உலகெங்கும் பரவியது.

தனி ஈசியுவைப் பொருத்தும் வேலையின் மையம் கிராங்க் முனையிலுள்ள பல்சக்கரம். 36 பல்லுக்கு இடமிருந்தும் ஒரு பல் நீக்கப்பட்ட அச்சக்கரம் சுழலும்போது, அந்த வெற்றிடம் கடப்பதை வைத்தே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஈசியு அறிகிறது. எல்லாக் கம்பிகளையும் சரியாக இணைத்த பிறகும் வேகம் கூடும்போது எஞ்சின் தடுமாறினால், அனுபவமுள்ளவர்கள் முதலில் சோதிக்கும் இடங்களுள் ஒன்று பிளக்கின் எண்ணாகும். பாயிண்ட் காலத்துப் பிளக்கில் பெரும்பாலும் மின்தடை கிடையாது. அதன் பொறி எழுப்பும் மின்னிரைச்சலைப் பல்சக்கரத்தின் செய்தியென ஈசியு தவறாக எண்ணிவிடுகிறது. எண்ணில் ஆர் என்ற எழுத்துடைய பிளக்கில், அலுமினாத் தண்டுக்குள் கரியும் கண்ணாடியும் கலந்து உருக்கிய, ஏறத்தாழ 5,000 ஓம் கொண்ட தடை அடைக்கப்பட்டிருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பிளக்கின் உள்ளீடு, பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டியின் நடத்தையைத் தீர்மானிக்கும் விந்தை, மின்காந்தம் பற்றிய பாடநூல் விளக்கங்கள் எதையும்விட மின்னிரைச்சலின் விளைவை எளிதாகப் புரியவைக்கிறது.

சட்டம் இம்மாற்றங்களை அளவோடுதான் அனுமதிக்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை, கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்புடன் உறுதிசெய்தது. ஆகவே பெரிதும் மாற்றிய வண்டிகளுக்குப் பொதுச்சாலையைவிடப் போட்டித் திடலே உரிய இடம்.

அத்தகைய வண்டிகளில், லாம்டா சென்சாரைப் புகைக்குழாயில் எந்தக் கோணத்தில் பதிப்பது என்பதும் கவனிக்கவேண்டியதாகிறது. கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரியாவது சாய்த்து, முனை கீழ்நோக்க அது பதிக்கப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் குழாய்க்குள் பனித்து நிற்கும் நீர் காய்ந்த சிர்கோனியாவின்மேல் பட்டால் அது விரிசல்விடும். இதே காரணத்தால், சென்சாரின் உள்ளேயுள்ள சூடேற்றியை ஈசியு தொடக்கத்தில் முழுவீச்சில் இயக்காமல், குழாயின் ஈரம் போன பின்னரே வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறது. இன்சுலேட்டரைச் சுடும் சூளையிலும், நெருப்பு அணைந்த பிறகு உள்வெப்பம் தானாகத் தணியும்வரை கதவு திறக்கப்படுவதில்லை.