பம்பாய் – லண்டன்: பத்து மணி நேரம் என்ற பொய்க்கணக்கு

லண்டனுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அம்மா போனில் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. "நீ அங்கிருந்து கிளம்புனா எத்தனை மணி நேரத்துல வீட்டுக்கு வருவே?" நானும் "பத்து மணி நேரம்தாம்மா" என்று சொல்லிவிடுவேன். பி.காம். படித்து வங்கியில் வேலை பார்க்கிறவன் சொல்லும் பொய்க்கணக்கு அது. ஏன் பொய் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

மும்பைக்கும் லண்டனுக்கும் ஆகாயத்தில் நேர்த்தூரம் சுமார் 7,200 கி.மீ. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் இந்த வழியில் கிளம்பியது 1948 ஜூன் 8 அன்று. நான்கு புரொப்பல்லர் வைத்த லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 35 பயணிகள், ஜே.ஆர்.டி. டாடாவும் அதில் போனார். கெய்ரோ, ஜெனீவா இரண்டு இடத்திலும் இறங்கி ஏறி, 10-ஆம் தேதி லண்டன் சேர்ந்தது. சுற்றிப் போனதால் தூரம் 8,000 கி.மீ. ஆகிவிட்டது. இருந்தாலும், கப்பலில் வாரக்கணக்கில் போனவர்களுக்கு அது அதிசயம்தான்.

அந்த விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்சஸ்'. நல்லேப்பிள்ளிக்காரன் நான் இதில் முழுசாகப் பெருமைப்பட முடியாது! பக்கத்துப் பாலக்காடு அன்றைக்கு மலபார் ஜில்லா. எங்கள் சித்தூர் தாலுகாவோ கொச்சி ராஜ்யம். கேரளம் உருவான பிறகு, 1957-இல்தான் இரண்டும் ஒரே மாவட்டம் ஆயின. பாவம், அந்த விமானம் 1950 நவம்பர் 3 அன்று லண்டன் போகும் வழியில் மோன் பிளாங்க் மலையில் மோதி, அதிலிருந்த 48 பேரும் இறந்துபோனார்கள்.

1960-இல் போயிங் 707 ஜெட் வந்தது. மணிக்கு 900 கி.மீ. அளவு வேகம். பிறகு நடுவில் நிற்காமலே பறக்கும் விமானங்களும் வந்தன. இன்று லண்டன் வர சுமார் பத்து மணி, திரும்பிப் போக ஒன்பது. உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் தடுக்கும். வழி அடைபட்டாலும் நேரம் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது அவை சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். வீட்டிலிருந்து ஹீத்ரோ ஒன்றரை மணி. அங்கே காத்திருப்பு மூன்று. மும்பைக்கு ஒன்பது. அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு நான்கு. கோயம்புத்தூருக்கு இரண்டு. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாக நல்லேப்பிள்ளிக்குக் காரில் ஒன்றரை. ஆக மொத்தம் இருபத்தொன்று. அதுவும் டிக்கெட் உடனே கிடைத்தால்!

2016-இல் அப்பா தவறியபோது கிடைக்கவில்லை. மறுநாள் இரவுதான் கிளம்ப முடிந்தது. என் "பத்து மணி நேரத்தை" நம்பி சொந்தக்காரர்கள் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். கடைசியில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் போனபோது வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "இருபத்தொரு மணி நேரம் ஆகும்மா. டிக்கெட் கிடைக்காட்டி ரெண்டு நாள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? சரி, நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

நீங்களும் உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வந்த தொகையை ஊரிலும் சொல்லிவிடுங்கள்.