தக்ளியிலிருந்து ஆய்வகம் வரை

திண்டுக்கல்லுக்கு வடக்கே வடமதுரையும் வேடசந்தூரும் இன்று நூற்பாலைகளால் அறியப்படுகின்றன. அதே நகருக்குத் தெற்கே, சின்னாளபட்டியை ஒட்டி, டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபர் 7 அன்று தொடங்கிய காந்திகிராமம், நூற்பைப் பள்ளிப் பாடமாகக் கருதிய ஆதாரக் கல்வியின் தென்னக மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் அதனோடு இணைத்துத் தாய்மொழியில் கற்பிக்கும் இம்முறை, 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் உருப்பெற்றது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைத் தொழிலுக்கே ஒதுக்கியது. அதைச் செயல்படுத்திய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம்.

தக்ளி எனப்படும் சிறு கைக்கதிரில் நூற்கும் பிள்ளையால், இழை ஏன் அறுகிறது, சிட்டத்தின் நீளத்தையும் எடையையும் கொண்டு நூலின் எண்ணை எப்படிக் கணிப்பது என்றெல்லாம் அறிய முடிந்தது. ஆனால் அந்தக் கதிரையே மாற்றியமைப்பது பெரும்பாலும் பெரியவர்களின் வேலையாகவே நின்றது. ஆதாரக் கல்வியின் உண்மையான குறை இதுவே எனலாம். இத்தனைக்கும், இன்று பொறியியல் வடிவமைப்பு என்று கற்பிக்கப்படுவதன் இலக்கணம் முழுவதும் காந்தியின் முயற்சியால் 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்த ஒரு லட்ச ரூபாய்ப் போட்டியில் அடங்கியிருந்தது: ராட்டை எளிதில் தூக்கிச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், ஒரு பெண் அதிகக் களைப்பின்றி எட்டு மணி நேரம் இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, இருபது ஆண்டு உழைக்க வேண்டும், ஆண்டுப் பழுதுச் செலவு விலையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. பரிசை எவரும் வெல்லவில்லை. பல கதிர்களில் ஒருசேர நூற்கும் அம்பர் ராட்டையைப் பின்னாளில் உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன்.

பள்ளியில் தொழில் என்ற எண்ணத்தின்மீதே தமிழகத்தில் ஐயம் படிய, ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் காரணமாயிற்று. அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில் என்ற அந்த ஏற்பாடு 'குலக்கல்வி' எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டு, காமராசர் ஆட்சியில் 1954இல் கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வி அதனின்று வேறானது என்றாலும், சாதியும் தொழிலும் பிணைந்த ஊர்களில் அந்த வேறுபாட்டை மக்கள் பொருட்படுத்தாதது வியப்பன்று.

கையால் செய்து கற்பது இன்று வேறு வடிவில் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், ஆறாம் வகுப்பு முதல் மாணவர்கள் தாமே கருவிகளைச் செய்து பார்க்கும் ஆய்வகங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. தொழிலைக் கற்று அதன் வழியே உலகை அறிவது ஆதாரக் கல்வியின் வரிசை. ஊரின் சிக்கல் ஒன்றைக் கண்டு, அதற்குரிய கருவியை முப்பரிமாண அச்சு இயந்திரம், உணரிகள் முதலியவற்றின் துணையோடு உருவாக்கிப் பார்ப்பது இந்த ஆய்வகங்களின் வரிசை. பரம்பரைத் தொழில் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. எனினும் மாணவர் செய்த கருவியை ஊர்த் தச்சரோ கொல்லரோ பழுதுபார்க்க இயலுமா என்பதை 1929ஆம் ஆண்டு விதிகளைப் போல முன்கூட்டியே வரையறுக்கும் வழக்கம் இன்னும் வேரூன்ற வேண்டியிருக்கிறது.