முறிவா, பரவலா? இடுப்புக் கதிர்வீச்சுக்குப் பின் எலும்பைக் கணக்கில் கொள்வது பற்றி

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களில் எத்தனை பேருக்கு இடுப்பெலும்பு முறிகிறது? ஆய்வுகள் தரும் விடைகளுக்குள் பெரும் இடைவெளி உண்டு. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான பெண்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசி, பாக்ஸ்டர் குழுவினர் 2005இல் ஜாமா இதழில் எழுதிய கட்டுரை 5 ஆண்டுகளில் 8.2 விழுக்காடு என்றது. கதிர்வீச்சு பெறாத நோயாளிகளில் அது 5.9. தென் கொரியாவில் 557 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையில் அதே 5 ஆண்டுக் கணக்கு 19.7. நார்வேயில் பிளோம்லி குழுவினர் 1996இல் பதிவு செய்தது இன்னும் வியப்பானது. அவர்கள் பார்த்தவர்கள் 18 பெண்கள்தான். ஆனால் சிகிச்சைக்குப் பின் அவர்களுக்குத் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 16 பேரிடம் முறிவின் அடையாளம் தென்பட்டது.

இந்த எண்களை முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் எதைத் தேடியது என்று கேட்டால் இடைவெளியின் பெரும்பகுதி விளங்கிவிடும். பாக்ஸ்டர் ஆய்வில் கண்ட முறிவுகளில் சுமார் 90 விழுக்காடு தொடை எலும்பின் மேல்முனையில் நேர்ந்தவை. எம்.ஆர்.ஐ. வழியாகத் தேடிய ஆய்வுகளிலோ முறிவு பெரும்பாலும் சேக்ரம் எனப்படும் திருவெலும்பில், இடுப்பெலும்போடு அது சேரும் மூட்டை ஒட்டி இருக்கிறது. நோயாளிகளின் வயது வேறுபாடு இதில் ஓரளவு பங்கு வகிக்கலாம். ஆயினும் முதன்மையான காரணம் வேறு என்பது என் கருத்து. தொடை எலும்பு முறிந்தவர் நடக்க முடியாமல் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுகிறார், அறுவை நடக்கிறது, பதிவேட்டில் ஏறுகிறது. திருவெலும்பு முறிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறார். சாதாரண எக்ஸ்ரேயில் குடல் வாயுவின் நிழலுக்குப் பின்னால் அந்தக் கீறல் பெரும்பாலும் தெரிவதே இல்லை. காப்பீட்டுப் பதிவு அவரை எண்ணவில்லை என்பதால் முறிவு இல்லை என்றாகாது.

இம்முறிவுகளுக்கு விழுந்தோ அடிபட்டோ இருக்க வேண்டியதில்லை. வலுவிழந்த எலும்பு அன்றாட உடல் எடையையே தாங்க மாட்டாமல் விரிசல் விடுகிறது. வழக்கமாக 25 அமர்வுகளில், 5 வாரங்களில், 45 முதல் 50 கிரே வரை இடுப்புக்கு வெளியிலிருந்து கதிர் தரப்படுகிறது. நிணநீர்க் கணுக்கள் திருவெலும்பின் முன்புறத்தை ஒட்டியே இருப்பதால் அவ்வெலும்பு கதிரிலிருந்து முழுதாகத் தப்ப வழியில்லை. எலும்பாக்கும் செல்கள் குறைகின்றன. நுண் இரத்தக் குழாய்கள் சேதமடைகின்றன. சிவப்பு மஜ்ஜை கொழுப்பாக மாறுகிறது. அன்றாடம் உண்டாகும் நுண்கீறல்களைச் செப்பனிடும் ஆற்றல் இவ்வாறு மங்கிவிடுகிறது. பெரும்பாலான முறிவுகள் சிகிச்சை முடிந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்படுவது இதனால்தான்.

இத்துடன் சூலகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன அளவு கதிர் பட்டால் எந்த வயதிலும் சூலகம் செயலிழக்கும். 38 வயதுப் பெண்ணுக்குச் சில மாதங்களில் மாதவிடாய் நின்றுபோகிறது. ஈஸ்ட்ரோஜன் இழப்பால் கதிர் படாத முதுகெலும்பிலும் கையெலும்பிலும்கூட அடர்த்தி குறையத் தொடங்குகிறது. கருப்பை வாயின் செதிள்செல் புற்றுநோயில் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுவதாகச் சான்றில்லை. அப்படியிருந்தும் ‘புற்றுநோய் வந்தவருக்கு ஹார்மோனா’ என்ற பொதுவான அச்சத்தால் இளம்பெண்களுக்கும் அது மறுக்கப்படுவதை ஏற்க முடியாது.

இனி வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோம். ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைத்து முடித்து ஓராண்டு ஆன பெண் ஒருவர் வருகிறார். இடுப்பின் பின்பக்கம் வலி. படுத்தால் குறைகிறது, எழுந்து நின்றால், பேருந்துப் படி ஏறினால், தரையில் உட்கார்ந்து எழுந்தால் கூடுகிறது. எலும்பு ஸ்கேன் எடுத்தால் திருவெலும்பு பளிச்சென்று ஒளிர்கிறது. ‘எலும்புக்குப் பரவிவிட்டது’ என்று அறிக்கையும் குடும்பமும் முடிவு கட்டிவிடும் இடம் இதுதான். பெட் ஸ்கேனிலும் முறிவு ஒளிரக்கூடும். பரவல் என்று நம்பி அதே இடத்தில் மீண்டும் கதிர் கொடுத்தால், ஏற்கெனவே நலிந்த எலும்பை மேலும் நலியச் செய்கிறோம்.

வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் இல்லாமல் இல்லை. எலும்பு ஸ்கேனில் திருவெலும்பின் இரு பக்கச் சிறகிலும் செங்குத்தாக ஓடும் ஒளிக்கோடுகளும் நடுவே அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடும் சேர்ந்தால், அதைக் கதிரியலாளர்கள் ‘ஹோண்டா குறி’ என்பார்கள்; அந்த நிறுவனத்தின் காரில் இருக்கும் எச் எழுத்தைப் போன்ற வடிவம். ஒரு பக்கம் மட்டுமே முறிந்தவர்களிடம் இது முழுமையாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் மூட்டுக்கு இணையாக ஓடும் கரிய முறிவுக்கோடும் அதைச் சுற்றிய நீர்வீக்கமும் தெரிந்து, தனிக் கட்டி எதுவும் இல்லையென்றால் அது பரவலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சி.டி.யும் துணை நிற்கும். பெரும்பாலோர் ஓய்வு, வலிநிவாரணி, ஊன்றுகோல், படிப்படியான நடை இவற்றாலேயே சில மாதங்களில் தேறுகிறார்கள்.

வலியில்லாத முறிவுகளையும் தேடிப் பிடிப்பது வீண் பீதியைக் கிளப்பாதா என்ற எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. 3,929 நோயாளிகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வு முறிவு விகிதத்தை 14 விழுக்காடு என மதிப்பிட்டது. முறிவு ஏற்பட்டவர்களில் ஐந்தில் ஏறத்தாழ மூவருக்கே வலி இருந்தது. எல்லோருக்கும் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் அறிகுறியற்ற முறிவும், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பரவலாக வாசிக்கப்படும்போது தீங்காகிறது. படத்தை வாசிப்பவருக்குக் கதிர்வீச்சு வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சத் தேவை.

தடுப்பில் வலுவான நெம்புகோல் கதிரின் அளவுதான். டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 2017இல் வெளியான ஆய்வு, திருவெலும்பின் பாதி பெறும் அளவு 40 கிரேயிலிருந்து 35 கிரேக்குக் குறைந்தால் முறிவு வாய்ப்பும் ஏறக்குறைய பாதியாகும் என மதிப்பிட்டது. செறிவு மாற்றும் நவீன முறையில் இது எட்டக்கூடிய இலக்கு. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் எல்லை வரைந்து அளவு நிர்ணயிக்கும் நாம் திருவெலும்பை வரையாமல் விட்டுவிடுகிறோம். வரையாத உறுப்பைக் கணினி காப்பதில்லை. வெளிப்பெண்ணுறுப்புப் புற்றுநோய்க்குக் கவட்டைக் கணுக்களில் கதிர் தரும்போது தொடை எலும்பின் கழுத்துக்கும் இது பொருந்தும்.

எலும்புப்புரை மருந்தை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை பயனுள்ளது. ஆனால் அது வழக்கமாக அளப்பது கீழ் முதுகெலும்பையும் தொடை எலும்பையும்தான். அதில் எண் நன்றாக வந்துவிட்டது என்று திருவெலும்புக்கு உறுதி தர முடியாது. கொரிய ஆய்வில் 55 வயதுக்கு மேலும் 55 கிலோவுக்குக் கீழும் இருந்தவர்களுக்கு முறிவு அதிகம். ஆண்டுக்கு ஒன்றேகால் இலட்சம் பேருக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படும் இந்தியாவில் அந்த எடை மிகச் சாதாரணம். அதனால் இங்கே சிகிச்சை தொடங்குமுன் வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்வதும், தொடர்கண்காணிப்புத் தாளில் இடுப்பு வலிக்கென ஒரு வரி சேர்ப்பதும் அதிகச் செலவில்லாமல் உடனே தொடங்கக்கூடியவை.

கதிர்வீச்சு இந்நோயில் உயிர் காக்கும் சிகிச்சை. எலும்புக்கு அஞ்சி அதை யாரும் மறுக்கக் கூடாது. சிகிச்சை முடித்த பெண்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புதிதாக இடுப்பு வலி வந்தால் வயதாகிவிட்டது என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், நோய் திரும்பிவிட்டது என்று இடிந்தும் போகாதீர்கள். கதிர்வீச்சு பெற்ற விவரத்தைச் சொல்லி, இது முறிவாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.