மைலுக்குக் கூலி உண்டு; மணிக்கு?

அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலைகளிலே ஒரு வகை லாரி ஓடுகிறது. அதற்கு ஓட்டுநர் இருவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கைத் தட்டில் படுத்திருக்கிறார். ஓட்டியவர் களைத்ததும் படுத்தவர் எழுகிறார், ஓட்டியவர் படுக்கிறார். மனிதர் மாறி மாறி ஓய்கின்றனர், லாரி ஓய்வதில்லை! அதில் ஏறுவது அவசரச் சரக்கு. உறுப்பு ஒன்று இல்லாமல் நின்றுவிடக் கூடிய மோட்டார் தொழிற்சாலைக்கு அந்த உறுப்பு. மருத்துவமனை எதிர்நோக்கியிருக்கும் கருவி. பழுதுபட்டுத் தரையில் நிற்கும் விமானத்துக்கு வேண்டிய பொறி. இணை ஓட்டுநர் என்று இவர்களை அழைப்போம். கணவனும் மனைவியுமாக இப்பணியை ஏற்றோர் பலர்.

இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் முன்னே ஒரு தராசு தொங்குகிறது. ஒரு தட்டிலே கூலி. மறு தட்டிலே வீடு. எவ்வளவு கிடைக்கும், எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம் என்று எடை போடுகின்றனர். எடை போடுவது அறிவுடைமைதான். ஆனால், அந்தத் தராசைச் செய்தவர் யார்? எடைக்கல் சரியானதுதானா? இதைக் கேட்காமல் எடை போடுவோர், கடைக்காரன் சொன்ன எடையை அப்படியே நம்பி வீடு திரும்புவோர் ஆவர். தராசின் கதையை வரலாறு சொல்லும், கேட்போம்.

1912-ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள பெட்டலூமாவுக்கு ஒரு லாரி சென்றது. ஏற்றியது 3 டன் சோப்பு. எடுத்துக்கொண்டது 91 நாள். சாலை இல்லை, பாலம் இல்லை, சேறும் மணலுமே வழி. இன்றோ, மணிக்கு 50 மைல் என்று கொண்டால், ஏறத்தாழ 3,000 மைல் அகலமுள்ள அந்நாட்டை இணை ஓட்டுநர் 60 மணி நேரத்தில் கடந்துவிடலாம். தொண்ணூற்றொரு நாள் எங்கே, இரண்டரை நாள் எங்கே! அறிவியல் தந்த வெற்றி இது, மறுப்பாரில்லை. ஆனால் மிச்சமான அந்த நாள்கள் யாருடைய பைக்குப் போயின? ஓட்டுநரின் வீட்டுக்கா போயின?

நேரம் யாருக்கு உரியது என்ற கேள்வி அந்நாட்டுக்குப் புதிதன்று. எட்டு மணி நேரமே வேலை என்று கேட்ட தொழிலாளர் இயக்கம் 1886-இல் சிகாகோ நகரிலே குருதி சிந்தியது. அடுத்த ஆண்டு நால்வர் தூக்கு மேடை ஏறினர். அந்த நினைவைச் சுமந்த மே நாளைத்தான் 1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் கொண்டாடினார். நாளின் 24 மணியும் முதலாளிக்குரியது அன்று, ஒரு பகுதி உழைப்புக்கு, ஒரு பகுதி ஓய்வுக்கு, ஒரு பகுதி உழைப்பவனின் சொந்த வாழ்வுக்கு என்பதே அந்தக் கோரிக்கையின் உயிர். இந்தக் கோரிக்கை ஆலைக்குள் நுழைந்தது; அலுவலகத்துக்குள் நுழைந்தது. லாரிக்குள் நுழைந்ததா?

நுழைய முயன்றது. 1934-இல் மினியாபொலிஸ் நகரில் லாரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூலை 20-ஆம் நாள் காவலர் சுட்டனர். ஏறத்தாழ 67 பேர் காயமுற்றனர்; இருவர் மாண்டனர். ஊர் அடங்கவில்லை, இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். ஆகஸ்டில் வெற்றி தொழிலாளர் பக்கம் வந்தது. அந்தப் போராட்டத்தில் முன்நின்ற பாரல் டாப்ஸ் என்பவர் நெடுந்தொலைவு ஓட்டுநரை ஒன்று திரட்டினார். 1938-இல் 11 மாநிலங்களைத் தழுவிய ஒப்பந்தம் உருவாயிற்று.

அதே 1938-ஆம் ஆண்டு, ரூஸ்வெல்ட் ஆட்சியில், நியாய உழைப்புத் தரச் சட்டம் பிறந்தது. வாரத்துக்கு 44 மணி என்று தொடங்கி, இரண்டே ஆண்டில் 40 மணி என்றாக்கிய சட்டம் அது. அதற்கு மேல் ஒரு மணி வேலை வாங்கினாலும் ஒன்றரைப் பங்குக் கூலி தர வேண்டும். உழைப்பாளர் உலகம் வரவேற்ற சட்டம்! ஆனால் அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவிலே ஒரு விலக்கு அமர்ந்திருந்தது. மாநிலங்களுக்கிடையே லாரி ஓட்டுவோருக்கு மிகைநேரக் கூலி விதி பொருந்தாது! ஏன்? 1935-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டப்படி அவர்களுடைய நேரத்தை வேறோர் ஆணையம் கட்டுப்படுத்துகிறதாம். ஒரே தொழிலுக்கு இரண்டு காவலர் வேண்டாமாம்.

அந்த ஆணையம் என்ன செய்தது? நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓட்டலாம், 8 நாளில் 70 மணி நேரம் பணியாற்றலாம் என்று வரையறுத்தது. நல்லதுதான். ஆனால் அது கேட்ட கேள்வி, எவ்வளவு நேரம் ஓட்டினால் ஓட்டுநர் தூங்கி வண்டியைக் கவிழ்ப்பான் என்பது. எத்தனை நாள் அவன் பிள்ளையின் முகம் காணாதிருப்பான் என்று அது கேட்கவில்லை. சாலையைக் காக்கும் சட்டம் ஓட்டுநரின் வாழ்வையும் காக்கும் என்று கருதிவிட்டனர். 1962-இல் அந்த 24 மணி என்ற எல்லையும் நீங்கியது: 10 மணி ஓட்டு, 8 மணி ஓய்வு, உடனே மீண்டும் ஓட்டலாம். கூட்டிப் பாருங்கள், ஒரே நாளுக்குள் 16 மணி நேரம் வரை சக்கரம் பிடிக்க வழி பிறந்தது! 2004-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதை மாற்றின: 10 மணி ஓய்வுக்குப் பின் 14 மணிக்குள் 11 மணி ஓட்டு. தனி ஒருவனுக்கு இது ஓரளவு காப்பு. இருவர் இருந்தால்? ஒருவருடைய ஓய்வு மற்றவருடைய ஓட்டு. சட்டம் மனிதனை நிறுத்தச் சொன்னது; தொழில் மனிதனைப் படுக்க வைத்து வண்டியை ஓட்டிக்கொண்டது!

சங்கத்தின் கை வலுத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1964-இல், அதே சிகாகோவில், ஜிம்மி ஹோபா தலைமையிலே நாடு தழுவிய சரக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர் அதன் நிழலில் நின்றனர். 1980 ஜூலை முதல் நாள், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டின் தளையை அவிழ்த்தது. யார் வேண்டுமானாலும் வண்டி வாங்கலாம், விலை குறைத்துப் போட்டியிடலாம். பொருள் வாங்குவோருக்கு ஆதாயம் கிட்டியது, உண்மை. அந்தப் போட்டியின் பளு எவர் தோளில் இறங்கியது? முன்னாளில் லாரி ஓட்டியவரும் பின்னாளில் பொருளியல் ஆய்வாளருமான மைக்கேல் பெல்சர், 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலுக்கு, சக்கரத்தின் மீது ஓடும் வியர்வைக் கூடங்கள் என்று பொருள்படும் பெயரிட்டார். பெயரே பதில்.

அதே காலத்தில் ஜப்பானிய டொயோட்டா ஆலையிலே டாயிச்சி ஓனோ வளர்த்த உற்பத்தி முறை அமெரிக்க மோட்டார் ஆலைகளுக்கும் பரவியது. உறுப்புகளைக் கிடங்கில் குவிக்காதே. வேண்டிய வேளையில் வேண்டிய அளவே வரட்டும் என்பது அதன் சாரம். கிடங்குச் செலவு மிச்சம்! ஆனால் ஒரு பெட்டி தாமதித்தால் ஆலையே நிற்கும். எனவே அவசரச் சரக்குக்குத் தேவை பெருகியது. இணை ஓட்டுநருக்கும் தேவை பெருகியது. ஆலையின் கிடங்கு மூடப்பட்டது. அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் திறக்கப்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள்: இருவருக்கும் சேர்த்து மைலுக்கு 60 சென்ட், வாரத்தில் 5,000 மைல். வருவது 3,000 டாலர். ஆளுக்கு 1,500. அழகான தொகை! வாரத்தில் 60 மணி ஓட்டினான் என்று வகுத்தால் மணிக்கு 25 டாலர். நிறுவனத்தார் காட்டும் கணக்கு இதுதான். ஆனால் அவன் வண்டியில் இருந்தது 60 மணியா? வாரத்தின் 168 மணியும் இருந்தான். 168-ஆல் வகுத்தால் 8 டாலர் 93 சென்ட்! 2009 முதல் நடப்பிலிருக்கும் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியோ 7 டாலர் 25 சென்ட். அவசரச் சரக்கிலே காத்திருப்பும் உண்டு. அடுத்த சரக்குக்காக அயலூரில் நிற்கும் நாளுக்கு மைல் இல்லை. மைல் இல்லையேல் பெரும்பாலும் கூலியும் இல்லை. அந்த வாரம் 3,000 மைலே கிடைத்தால் ஆளுக்கு 900 டாலர். 168-ஆல் வகுத்தால் 5 டாலர் 36 சென்ட். கூலி ஒன்றுதான், வகுக்கும் எண்ணை மாற்றினால் வளமும் வறுமையும் இடம் மாறுகின்றன!

வீட்டுக் கணக்கையும் பாருங்கள். வெளியே ஒரு வாரத்துக்கு வீட்டில் ஒரு நாள் என்பது அத்தொழிலில் பரவலான வழக்கம். மூன்று வாரம் வெளியே, மூன்று நாள் வீட்டில் என்றால், ஒரு சுற்று 24 நாள். ஆண்டுக்குச் சுமார் 15 சுற்று. வீட்டில் 45 நாள். வாரம் இரு நாள் விடுப்புப் பெறும் ஆலைத் தொழிலாளிக்கு 104 நாள் விடுப்பு; அதோடு ஒவ்வோர் இரவும் அவன் தன் வீட்டில். இந்த வேறுபாட்டுக்கு விலை என்ன?

கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்கிறார்களே, வீடே வண்டியில் ஏறிவிட்டதே, வாடகையும் மிச்சமன்றோ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இரு வருவாயும் ஒரே குடும்பத்துக்குச் சேரும், தனிமை குறையும், இதை விரும்பி ஏற்று நிறைவாக வாழ்வோரும் உண்டு. அவர்களை இகழ்வது நம் வேலையன்று. ஆனால், ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்க வேண்டும் என்பதே தொழிலின் விதியாயிற்றே! இருவரும் ஒருசேர விழித்திருந்து பேசுவது, பெரும்பாலும் வண்டி நிற்கும்போதுதான். 1975 அக்டோபர் முதல் பொருத்தப்படும் படுக்கைத் தட்டுக்குச் சட்டம் விதித்த குறைந்த அளவு நீளம் 75 அங்குலம், அகலம் 24 அங்குலம், உயரம் 24 அங்குலம். இன்றைய வண்டிகள் பலவற்றில் இதனினும் பெரிய இடமுண்டு. அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள வண்டிகளும் உண்டு. இருந்தாலும் குலுங்கும் தட்டிலே படுத்திருப்பவன், இறங்கி நடக்க முடியுமா? மகனின் பள்ளிக்குச் செல்ல முடியுமா? நோயுற்ற தாயின் அருகே அமர முடியுமா?

இந்தக் கேள்வி இறுதியில் நீதிமன்றத்தின் படியேறியது. மிகைநேரக் கூலி இல்லையென்றாலும், கூலியாளாக உள்ள ஓட்டுநருக்குக் குறைந்தபட்சக் கூலி உரிமை உண்டு. அப்படியானால் படுக்கைத் தட்டில் கழியும் நேரம் வேலையா, ஓய்வா? 2018-இல் ஆர்க்கன்சாசில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், நாளுக்கு 8 மணிக்கு மேற்பட்டது வேலையே என்றது. 2019 ஜூலையில் நடுவண் தொழிலாளர் துறை, இல்லை, அது வேலையன்று என்று கருத்துரைத்தது. 2023 டிசம்பரில், பாஸ்டன் நகரில் அமர்ந்துள்ள முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இணை ஓட்டுநர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது: நாளுக்கு 8 மணிக்கு மேல் படுக்கைத் தட்டில் கழியும் நேரம் கூலிக்குரிய நேரமே! அந்த ஓட்டத்தால் பயன் பெறுவது நிறுவனம். நாள் கணக்கில் வண்டியோடு கட்டுண்டவன் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட இயலாது. இதுவே அத்தீர்ப்பின் உட்கரு.

இதன்படி எண்ணுங்கள். 24-இல் 8 போனால் 16 மணி. 7 நாளுக்கு 112 மணி. குறைந்தபட்சக் கூலியே 812 டாலர் ஆகிறது. நாம் கண்ட 1,500 டாலரை 112-ஆல் வகுத்தால் மணிக்கு 13 டாலர் 39 சென்ட். 25 என்ற மினுக்கும் இல்லை, 8.93 என்ற நடுக்கமும் இல்லை. சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு நடு எடை கிடைத்துவிட்டது. ஆனால் அத்தீர்ப்பின் ஆட்சி வடகிழக்கிலுள்ள சில மாநிலங்களுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்குமே உரியது. நாடு முழுவதற்கும் அன்று. தனி ஒப்பந்தக்காரர் என்று பெயரிடப்பட்டு, பங்கு முறையில் ஓட்டுவோருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் நிழலே எட்டாது. அவசரச் சரக்கிலே அத்தகையோர் மிகப் பலர். தொழிலாளி என்றால் உரிமை. ஒப்பந்தக்காரர் என்றால் உரிமை இல்லை! உழைப்பு மாறவில்லை, உறக்கம் மாறவில்லை. ஏட்டில் எழுதிய பெயர் மட்டுமே மாறியது.

இளைஞர்களே! சாலையின் வளைவையும் வண்டியின் வேகத்தையும் எண்ணெயின் அளவையும் துல்லியமாக அளக்கக் கற்ற மனிதன், உழைப்பவனின் நேரத்தை அளக்க 1938 முதல் 2023 வரை 85 ஆண்டு தடுமாறினான் என்றால், கருவி இல்லாமலா? கடிகாரம் இருந்தது. அதை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில்தான் தகராறு. கூலியும் வீடும் இரண்டு தட்டில் கிடக்கும் பகைப் பொருள்கள் என்று நம்ப வைத்ததே பழைய தராசு செய்த சூழ்ச்சி. வீட்டை விட்டு நிற்கும் மணியும் விற்கப்பட்ட மணியே என்று எழுதிவிட்டால், இரண்டும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

ஆகவே, இணை ஓட்டுநர் பணியோ வேறெந்தப் பணியோ, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதோடு நில்லாதீர். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காத்திருக்கும் மணிக்கு என்ன, படுத்திருக்கும் மணிக்கு என்ன, திரும்பி வரும் வெற்று வண்டிக்கு என்ன என்று கேளுங்கள். தனியொருவர் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வர். ஊரே கேட்டபோது என்ன நடந்தது என்பதை 1934-இன் மினியாபொலிஸ் காட்டியிருக்கிறது. கணக்கைக் கற்போம், கற்றதைக் கூடிக் கேட்போம்!