இடித்துரையும் தடையும்: சேதுக்கரையிலிருந்து ஒரு பார்வை

1948 மார்ச் 10 அன்று சென்னையில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. அதற்கு இருபத்து நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, தில்லியில் அரசியல் நிர்ணய சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மதம், இனம், சாதி பார்த்து உறுப்பினர் சேர்க்கும் அமைப்புகள் சமய, பண்பாட்டு, சமூக, கல்விப் பணிகளைத் தாண்டி எதிலும் ஈடுபட அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். முன்மொழிந்தவர் அனந்தசயனம் அய்யங்கார். நேரு ஆதரித்துப் பேசினார். காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதமே ஆகியிருந்தது. ஆர்.எஸ்.எஸ். மீது பிப்ரவரி 4 முதல் தடை நடப்பில் இருந்தது. நாடு காயப்பட்டிருந்த வேளையில் எழுந்த அந்தத் தீர்மானத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது சட்டமாகவில்லை. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1993இல் நரசிம்ம ராவ் அரசு அதே நோக்கத்தோடு கொண்டுவந்த 80ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதாவும் நிறைவேறவில்லை.

1948 தீர்மானம் சட்டமாகியிருந்தால் இராமநாதபுரம் தொகுதி எதை இழந்திருக்கும்? 1967இல் இத்தொகுதியில் வென்ற எஸ்.எம். முகம்மது ஷெரீப் லீக்கைச் சேர்ந்தவர். 2019, 2024 தேர்தல்களில் வென்ற கே. நவாஸ்கனியும் லீக் வேட்பாளர். முஸ்லிம்கள் இங்கே பெரும்பான்மையினர் அல்லர். இராமநாதசுவாமி கோயிலும் ஏர்வாடி தர்காவும் ஓரியூர் அருளானந்தர் தலமும் ஒரே தொகுதிக்குள் அமைந்த நிலம் இது. இம்மக்கள் ஒரு சமயப் பெயர் தாங்கிய கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு தேர்தல்களில் வேறு கட்சிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1974 ஜூலை 23 அன்று கச்சத்தீவு ஒப்பந்தம் குறித்து மக்களவையில் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அறிக்கை வைத்தபோது எதிர்த்து எழுந்தவர்களுள் இருவரை நினைவுகூர வேண்டும். ஒருவர் அப்போதைய இராமநாதபுரம் உறுப்பினர், பார்வர்டு பிளாக்கின் மூக்கையாத் தேவர். மற்றவர் அப்போது பெரியகுளத்தின் உறுப்பினராக இருந்த அதே முகம்மது ஷெரீப். அவர்கள் வாதாடிய தீவில் இருப்பதோ அந்தோணியார் கோயில். பெயரைப் பார்த்துக் கட்சியை அளப்பவர்களுக்கு இந்தக் காட்சி விளங்காது. அங்கே பேசியது மதமன்று, பாக் நீரிணையில் வலை விரிப்பவனின் கவலை.

சமய அரசியல் அமைப்புகளைத் தடை செய்வது பற்றிய விவாதம் நம்மிடம் சட்டப்பிரிவுகளோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: மனிதர் ஏன் பிறரைக் குறை கூறுகிறார்கள்? தடை என்பது அரசு செய்யும் குறைகூறலின் கடைசி வடிவம். எந்த வகைக் குறைகூறல் என்று தெரிந்தால்தான் அதன் தகுதியை எடைபோட முடியும்.

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. உரிமையுள்ளவர் முகத்துக்கு நேரே, திருத்தும் நோக்கத்தோடு சொல்வது இடித்துரை. ஆளில்லாத இடத்தில் அவரைத் தாழ்த்துவதால் தன்னை உயர்த்திக்கொள்வது புறங்கூறல். மேடையிலும் சுவரொட்டியிலும் ஒருவரை எதிர்ப்பது கண்டனம். அதில் எதிர்க்கப்படுபவரைவிடத் தன் பக்கத்தாருக்குத்தான் செய்தி அதிகம், ‘நான் உங்களவன்’ என்ற செய்தி. திருக்குறளின் வைப்புமுறை இங்கே கவனிக்கத்தக்கது. புறங்கூறாமை இல்லறவியலில் இருக்கிறது, வீட்டில் வாழ்பவனுக்கு உரிய ஒழுக்கமாக. இடித்துரைக்கும் பெரியோரின் தேவை அரசியலில், பெரியாரைத் துணைக்கோடலில் வருகிறது. கடிந்து சொல்பவரை இழந்த ஆட்சி பகைவரே இல்லாமலும் கெடும் என்று வள்ளுவர் கருதினார். குறைகூறலை அவர் ஒரே குற்றமாக ஒதுக்கவில்லை. ஒன்றை விலக்கினார், மற்றதை ஆட்சிக்கு இன்றியமையாததாக்கினார்.

இடித்துரை எப்படி இயங்குகிறது என்பதற்கு இராமேசுவரத்திலேயே உலகறிந்த சான்று உண்டு. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில், தொப்பி அணிந்த அவரும் பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த ஆசிரியர் கலாமை எழுப்பிப் பின் வரிசைக்கு அனுப்பினார். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். நண்பனின் தந்தை, கோயிலின் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், மாறினார்.

இந்நிகழ்ச்சியை நல்லிணக்கக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். லட்சுமண சாஸ்திரியின் சொல் மென்மையானதன்று. ‘தீவை விட்டுப் போ’ என்பது ஏறக்குறைய நாடுகடத்தல்தான். ஆனால் அது ஒரு செயலைக் குறித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே நின்றார். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வருவதற்கான வழி அந்தக் கண்டிப்புக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று: கண்டித்தவர் கண்டிக்கப்பட்டவரின் சமயத்தைச் சேர்ந்தவர். ஒரு முஸ்லிம் பெரியவர் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் அது கண்டனமாகி, ஊர் இரண்டு பட்டிருக்கக் கூடும். தன் வீட்டுக் குற்றத்தைத் தானே சொல்வதற்கு உள்ள வலிமை வெளியாளின் எந்தச் சொல்லுக்கும் இல்லை. என் வாதத்தின் மையம் இதுதான். ஒரு சமயக் குழுவுக்குள் வளரும் வெறியை முதலில் காண்பவரும் திருத்தவல்லவரும் அதே தெருவில் இருப்பவர்கள். தடையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது அவர்களின் வாயைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பதே.

இக்கடற்கரையில் அத்தகைய உட்குரலுக்குப் பஞ்சமில்லை. ஏர்வாடி சந்தனக்கூட்டை உயிராகக் கருதுவோரும், தர்கா வழிபாடே கூடாது என்னும் தவ்ஹீத் அணியினரும் பல்லாண்டுகளாக ஒருவரை ஒருவர் மேடை போட்டு மறுத்துவருகிறார்கள். அந்த வாதங்களில் கடுமை உண்டு, சில நேரம் அளவு மீறியும் போகிறது. ஆயினும் எதிராளியின் பெயர் சொல்லி, சான்று காட்டி, பதில் சொல்ல அழைத்து நடக்கும் வாதம் அது.

தடையின் பழைய உருவமும் இங்கே இருக்கிறது. கடலோர ஊர்களில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கி வைப்பது நெடுங்கால வழக்கம். கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, பேசுபவருக்கும் தண்டம். ஒருவர் தவற்றுக்கு ஒரு குடும்பமே விலை கொடுக்கும் இந்தக் கொடுமையை நான் வெறுக்கிறேன். ஆனால் அந்த வழக்கத்திலும் தண்டம் கட்டி, ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துகொள்ள ஒரு வாசல் இருந்தது.

ஓரியூரில் அரசனே தடை போட்டான். 1686இல் போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோவை, தமிழர் அழைத்தபடி சொன்னால் அருளானந்தரை, மறவர் நாட்டை விட்டு விலகும்படி ஆணையிட்டு விடுவித்தது கிழவன் சேதுபதியின் அரசு. அவர் ஐரோப்பா சென்று திரும்பி வந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, விலக்கப்பட்ட ஒருவர் சேதுபதியின் உறவினர். சமயப் போதனை அரண்மனைப் பூசலானது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. இதே சேதுபதிதான் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் நெருங்கிய நண்பர். சமய வெறியர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் அஞ்சியது போதனையையா, அதனால் குலையும் உறவு முறைகளையா? பின்னதையே என்று கருதுகிறேன். விலக்கப்பட்ட பெண்ணின் மனக்குறைக்கு நியாயம் கேட்க வேறு வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழி இல்லாத இடத்தில் வாள் வந்தது. ஓரியூரின் செம்மண்ணை இன்றும் பக்தர்கள் அள்ளிச் செல்கிறார்கள். தடுக்க நினைத்த ஒன்றுக்கு அந்தத் தடை ஒரு தலத்தையே உண்டாக்கிக் கொடுத்தது.

இன்றைய சட்டத்தின் வேரும் தமிழ் மண்ணில்தான் சோதிக்கப்பட்டது. 1950இல் சென்னை அரசு ‘மக்கள் கல்விச் சங்கம்’ என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என அறிவித்தது. அதன் செயலாளரான வழக்கறிஞர் வி.ஜி. ராவ் வழக்குத் தொடர்ந்தார். 1952 மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அந்த அதிகாரம் செல்லாது என்றது. நீதிமன்ற விசாரணைக்கு இடமின்றி, அரசு தன் மனத்திருப்தியை மட்டும் காட்டிச் சங்கம் சேரும் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அதன் அடிப்படை. 1967இன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் அதனால்தான் தடையைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது. 1992 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ்., விசுவ இந்து பரிஷத், பஜ்ரங் தளம், ஜமாத்தே இஸ்லாமி இந்த் முதலியவை ஒன்றாகத் தடை செய்யப்பட்டன. 1993இல் நீதிபதி பாஹ்ரி தீர்ப்பாயம் ஆர்.எஸ்.எஸ்., பஜ்ரங் தளம் மீதான தடைகளை ஏற்கவில்லை. 1994இல் ஜமாத் மீதான தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அரசு சொன்னதை அப்படியே ஏற்பது தீர்ப்பாயத்தின் வேலையன்று, சான்றை எடைபோட வேண்டும் என்றது. இரு பக்கத்து அமைப்புகளுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தனக்குப் பிடிக்காத அமைப்பின் தடையை வரவேற்று, பிடித்ததன் தடையை எதிர்ப்பவர் கண்டனம் செய்கிறாரே தவிர நீதி கேட்கவில்லை.

2022 செப்டம்பர் 22 அன்று தேசியப் புலனாய்வு முகமை பாப்புலர் பிரண்ட் ஆஃப் இந்தியா தொடர்பாக நாடெங்கும் சோதனை நடத்தியது. அடுத்த நாள்களில் கோவை, இராமநாதபுரம் உள்ளிட்ட ஊர்களில் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. 28ஆம் தேதி அவ்வமைப்பும் அதன் எட்டுத் துணை அமைப்புகளும் ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டன. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. குண்டு வீசியவனைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதில் தயக்கத்துக்கு இடமே இல்லை. எரிந்த வண்டிக்கு உரியவருக்கு அரசு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் தடையின் வீச்சு அங்கே நிற்பதில்லை. தமிழ்நாடு அரசு அந்தச் சூழலையே காரணங்காட்டி 2022 அக்டோபர் 2 அன்று நடக்கவிருந்த ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்கு அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஓர் அமைப்பின் தடை எதிர் அமைப்பின் உரிமைக்கும் முட்டுக்கட்டையாகிறது.

இதைவிடக் கனமானது 2023 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம், வன்செயலில் ஈடுபட்டிருக்க வேண்டியதில்லை என்றது அது. இதன் விளைவை ஓர் ஊர் ஜமாத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். அமைப்புக்குள் இருந்துகொண்டே தலைமையின் கடும்போக்கை எதிர்த்தவர் ஒருவர் இருந்தால், அவர் இன்று என்ன சொல்ல முடியும்? ‘நான் உள்ளே இருந்தேன், இதைத் தவறென்று சொன்னேன்’ என்ற வாக்கியத்தின் முதற்பாதி அவர்மேல் சந்தேகத்தைக் கொண்டுவரும். எனவே இரண்டாம் பாதியும் சொல்லப்படாமல் போகும். நமக்கு மிகவும் தேவைப்பட்ட சாட்சி இப்படித்தான் வாயடைத்துப் போகிறார்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், இதன் துயரமான சான்று இருக்கிறது. சஹ்ரான் ஹாஷிமின் வெறிப்பேச்சை முதலில் எதிர்த்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அவரது ஆட்களோடு மோதல் நடந்தது. முறையீடுகளும் எச்சரிக்கைகளும் அதிகாரிகளிடம் போயின. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று அவரது குழு நடத்திய குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் பிறகு வந்த தடைகள் 2021இல் 11 அமைப்புகள் வரை விரிந்தன. அவற்றுள் சிலவற்றின் மீதான தடை 2023இல் விலக்கப்பட்டது. இடித்துரை உரிய காலத்தில் வந்திருந்தது. கேட்கும் செவிதான் இல்லை.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேரைப் பலிகொண்ட தொடர் குண்டுவெடிப்புக்குப் பின் அல் உம்மா தடை செய்யப்பட்டது. ஓர் அமைப்பே ஆயுதமாகிவிட்டால் அதைக் கலைக்கத்தான் வேண்டும். ஆனால் செயலுக்காக அமைப்பைத் தடுப்பது வேறு, சமயத்தின் பெயரில் அரசியல் பேசுவதற்காகத் தடுப்பது வேறு. 1948 தீர்மானம் இரண்டாவதைச் செய்ய முயன்றது. அது சட்டமாகாமல் போனது இந்தக் கடற்கரையின் நற்பேறு.

ஒன்றை அந்தக் காலத்திலிருந்தே கற்கலாம். ஆர்.எஸ்.எஸ். மீதான முதல் தடை 1949 ஜூலை 11 அன்று நீங்கியது. எழுத்துவடிவ அமைப்புச் சட்டம் வேண்டும் என்று அரசு கேட்டது, அமைப்பு எழுதிக் கொடுத்தது. அந்த ஏற்பாடு போதுமானதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் என்ன செய்தால் திரும்பலாம் என்று தடை போட்டவர் சொன்னார். மாறாக, இந்திய இஸ்லாமிய மாணவர் இயக்கமான சிமி 2001 முதல் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்படும் தடையில் இருக்கிறது. 1967 சட்டத்தின் 6ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் விண்ணப்பித்தால் தடையை எந்நேரமும் விலக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. எதைக் கைவிட்டால், எந்தக் குற்றத்தை வெளிப்படையாக ஏற்றால், எந்தத் தலைமையை விலக்கினால் அந்த விண்ணப்பம் கேட்கப்படும் என்பதைத் தடை அறிவிக்கையிலேயே எழுத வேண்டும். லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியருக்கு அதைத்தான் முதலில் சொன்னார். தீவை விட்டுப் போகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.