தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார்: உடைமை, ஒப்பீடு, மேடை

ஆய்வுச் சுருக்கம்

1970களின் பிற்பகுதி முதல் தமிழ்த் திரைப்பாடல்களின் கட்டமைப்பில் பேஸ் கிட்டார் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது. ஆயினும் அக்கருவியை வாசித்தோரின் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் அரிதாகவே இடம்பெற்றன. இக்கருவி சென்னை இசைக்கலைஞர்களின் உடைமையான விதம், பிற தாழ்சுரக் கருவிகளோடு ஒப்பிடுகையில் அதன் தனித்தன்மை, மேடைகளில் அதன் பயன்பாடு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல் பதிவான வரலாற்றோடு, பாடல் எந்தச் சாதனத்தின் வழியே கேட்கப்பட்டது என்னும் வரலாற்றையும் இணைத்தால்தான் இக்கருவியின் இடம் விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பேஸ் கிட்டார், திரையிசை, மெல்லிசைக் குழு, ஒலிப்பதிவு, கேட்புச் சாதனம், இசைக்கலைஞர் வரலாறு.

முன்னுரை

தமிழ்த் திரையிசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகிய மூவரை மையமிட்டே அமைகின்றன. பாடலின் பண்ணை, கவிதையை, குரலை ஆராயும் நூல்கள் பெருகியுள்ள அளவுக்கு வாத்தியக் கலைஞர் பற்றிய எழுத்து பெருகவில்லை. வாத்தியங்களுக்குள்ளும் புல்லாங்குழல், வயலின், வீணை போன்றவை பாடலின் இடையிசையில் தனித்து ஒலிப்பதால் கேட்போரின் நினைவில் நிற்கின்றன. பேஸ் கிட்டார் அவ்வாறு தனித்து ஒலிப்பது குறைவு. அது ஒலிக்கும்போது கவனிக்கப்படுவதில்லை. நின்றுவிட்டால் பாடல் வெறுமையாகிவிடுகிறது. இவ்வியல்பே அதன் வரலாறு எழுதப்படாமைக்கு முதற்காரணம் எனலாம்.

தாழ்சுரம்: மரபும் வரவும்

தமிழ் இசைமரபில் தாழ்ந்த ஒலிக்கு இருவகைப் பணிகள் உண்டு. ஒன்று சுருதி நிலை. தம்புராவும், நாகசுரத்தோடு ஒலிக்கும் ஒத்தும் ஆதார சுருதியை அசைவின்றித் தாங்குகின்றன. மற்றொன்று தாள நிலை. மிருதங்கத்தின் தொப்பியும், பறை, தவில் முதலியவற்றின் கனத்த அடிகளும் காலத்தின் அழுத்தங்களைக் காட்டுகின்றன. இவ்விரண்டிலும் தாழ்சுரம் தனக்கென ஒரு மெட்டமைப்பைக் கொண்டு நகர்வதில்லை.

மேலைச் செவ்வியல் இசையில் தாழ்சுரம் நகரும் தன்மையது. மேற்குரல் ஒரே சுரத்தில் நிற்கும்போதும் அடிக்குரல் மாறினால் அச்சுரத்தின் பொருள் மாறிவிடும். இந்நகரும் அடித்தளம் திரையிசையின் வழியாகவே தமிழ்ப் பொதுக்கேட்பில் பரவலாகக் கலந்தது. சுருதியைத் தாங்குதல், தாளத்தை அழுத்துதல், தனக்கென ஒரு மெட்டில் நகர்தல் ஆகிய மூன்று பணிகளையும் ஒருவரே ஒரு கருவியில் ஆற்ற இயன்றமை பேஸ் கிட்டாரின் வரவால் நேர்ந்த மாற்றமாகும்.

கருவிகளின் ஒப்பீடு

மின்பேஸ் கருவியை 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் உருவாக்கியிருந்தார். அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியே உலகெங்கும் பரவியது. ‘பிரிசிஷன்’ என்பதற்குத் துல்லியம் என்பது பொருள். வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் இக்கருவியின் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால், விரலை வைத்த இடத்தில் சுரம் பிசகாது ஒலித்தது. பெயர் இதனையே சுட்டியது.

இதற்கு முன்னர் இப்பணியை ஆற்றிய டபுள் பேஸ் ஏறத்தாழ 6 அடி உயரமுடையது, பெரும்பாலும் நின்றுகொண்டு வாசிக்கப்படுவது, மெட்டுகள் அற்றது. அதன் கம்பி நீளம் ஏறத்தாழ 42 அங்குலம். பிரிசிஷன் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். எடை ஏறத்தாழ 4 கிலோ. இரு கருவிகளின் நான்கு கம்பிகளும் ஒரே சுரங்களுக்குக் கூட்டப்படுகின்றன. மிகத் தாழ்ந்த கம்பியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41 அலைகள். ஆகவே டபுள் பேஸ் கலைஞர் ஒருவர் சுர அறிவை மாற்றிக்கொள்ளாமல் புதிய கருவிக்குச் செல்ல முடிந்தது; மாற்ற வேண்டியிருந்தது கைப்பழக்கம் மட்டுமே.

பின்வந்த கருவிகள் ஒலிநிறத்தால் வேறுபட்டன. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956இல் வெளியிட்ட வயலின் வடிவப் பேஸ் 30 அங்குலக் கம்பி நீளமும் உட்கூடும் உடையது. அதன் ஒலி மென்மையானது, விரைவில் அடங்குவது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியால் அது புகழ்பெற்றது. 1960இல் ஃபெண்டர் வெளியிட்ட ஜாஸ் பேஸ், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள்களை இரண்டு இடங்களில் கொண்டிருந்தது. ஆகவே வாசிப்பவர் ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கம்பியின் வகையும் ஒலியை மாற்றும். தட்டையான சுற்றுக் கம்பி மந்தமான, உருண்ட ஒலியைத் தரும்; உருளைச் சுற்றுக் கம்பி தெளிந்த, கூரிய ஒலியைத் தரும்.

மெட்டுகள் துல்லியத்தைத் தந்தபோதே கமகத்திற்குத் தடையுமாயின. வீணையில் மெட்டுகளுக்கிடையே கம்பியை இழுத்துக் கமகம் எழுப்பலாம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அவ்வளவு இழுத்தல் அரிது. எனவே பண் சார்ந்த பாடல்களில் கலைஞர்கள் விரலைச் சறுக்கி வாசிக்கும் முறையைக் கையாளுகின்றனர். மெட்டற்ற பேஸ் கிட்டார் இதற்கு மேலும் இசைவானது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு அவ்வகைக் கருவியை உலக அளவில் நிலைநிறுத்தியது. யு. சீனிவாஸ் மின்மாண்டலினைக் கருநாடக இசைக் கச்சேரிக் கருவியாக்கினார். பேஸ் கிட்டாருக்குச் சபாக்களில் அத்தகைய தனி இருக்கை அமையவில்லை. அதன் களம் திரையிசையாகவும் மெல்லிசை மேடையாகவும் இருந்தது.

உடைமை

1842இல் தொடங்கப்பட்ட மிஸ்குவித் நிறுவனத்தின் தொடர்ச்சியான மியூசி மியூசிக்கல், அண்ணா சாலையில் மேலையிசைக் கருவி விற்பனையையும் இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளையும் சென்னையில் வளர்த்தது. நகரில் மேலையிசைப் பயிற்சி இருந்தது. கருவி கிடைத்தல் வேறு செய்தி. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்கு முன் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி உரிமமுறைக்கும் உயர்ந்த வரிக்கும் உட்பட்டிருந்தது. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முற்றிலும் விலக்கப்பட்டன. ஆகவே அயல்நாட்டுப் பேஸ் கிட்டார் என்பது நெடுங்காலம் கடையில் சென்று தேர்ந்தெடுக்கும் பொருளாக இல்லை. வெளிநாடு சென்று வந்தோர் கொண்டுவந்தவையும் கைமாறி வந்த பழைய கருவிகளும் உள்நாட்டுத் தயாரிப்புகளுமே வழிகளாயின.

இதன் விளைவு பொருளியல் சார்ந்தது. பதிவுக்கூடத்தில் கலைஞரின் ஊதியம் கால்ஷீட் முறையில் அமைந்தது. நல்ல கருவியை உடையவருக்கே அழைப்பு வரும். அழைப்பு வந்தால்தான் நல்ல கருவியை வாங்க இயலும். கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி எளிதில் கிடைப்பதில்லை. ஒலி மங்கிய கம்பிகளைக் கொதிநீரிலிட்டு அழுக்ககற்றி மீண்டும் கட்டும் வழக்கம் உலகெங்கும் பேஸ் கிட்டார் வாசிப்போரிடையே உண்டு. தட்டுப்பாடு மிகுந்த சூழலில் அது தேவையாகவே இருந்திருக்கும். கருவியுடைமை இங்குத் தொழிலின் நுழைவாயில். திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்க எம்.பி. சீனிவாசன் மேற்கொண்ட முயற்சியின் இன்றியமையாமை இப்பின்னணியில் தெளிவாகும்.

பதிவுக்கூடத்தில்

விசுவநாதன் – இராமமூர்த்தி காலத்திலேயே மேலை நடன இசையின் தாளக் கட்டுகள் தமிழ்ப் பாடல்களில் புகுந்துவிட்டன. ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் எம்.எஸ். விசுவநாதன் இசைக்குழுவை நடத்தும் பாடற்பதிவுக் காட்சி, வாத்தியக் கலைஞர்களைத் திரையிலேயே காட்டிய அரிய காட்சிச் சான்று.

‘அன்னக்கிளி’ (1976) வழியாக அறிமுகமான இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றவர், ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் பணியாற்றியவர். தாமே கிட்டார்க் கலைஞர். ஒவ்வொரு கருவிக்குமான பகுதியை மேலைச் சுரக்குறியீட்டில் எழுதிக் கலைஞரிடம் அளிப்பது அவரது முறை. இம்முறையில் பேஸ் கிட்டாரின் நகர்வு கலைஞரின் ஊகத்திற்கு விடப்படாமல் இயற்றப்பட்ட பகுதியாயிற்று. பாடகரின் மெட்டுக்கு எதிராகச் செல்லும் இரண்டாம் மெட்டு அடியில் உருவானது. அதனைத் தாளில் கண்டு உடனே உயிர்ப்போடு வாசித்தவர்களில் சசிதரன் முதன்மையானவர். ‘மூடுபனி’ (1980) படத்தில் கே.ஜே. யேசுதாஸ் பாடிய கிட்டார்ப் பாடலையும், ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படப் பாடல்களையும் அடிக்குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் இது புலனாகும். பாக், தியாகராசர் இருவருக்கும் காணிக்கையாக 1986இல் அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பு இவ்வெதிரிசை நோக்கின் வெளிப்படையான அறிவிப்பு எனலாம்.

1980களின் நடுவில் ஒலிச்சேர்ப்புக் கருவிகள் பேஸ் ஒலியையும் விசைப்பலகைக்குள் கொண்டுவந்தன. 1992இல் ‘ரோஜா’வுடன் வந்த ஏ.ஆர். ரகுமான், தமது சொந்தப் பதிவுக்கூடத்தில் கலைஞர்களைத் தனித்தனியே பதிவு செய்யும் முறையைக் கைக்கொண்டார். முன்னர்ப் பேஸ் கிட்டார்க் கலைஞர் தாளக் கலைஞரின் கையைப் பார்த்து வாசித்தார். இப்போது காதுக்கருவியில் வரும் தாளத்தோடு தனியே வாசித்தார். கூட்டுழைப்பின் தன்மை மாறியது. ஆனால், பொறியால் இயற்றப்பட்ட தாளத்திற்கு மனித அசைவைத் தரும் கருவி என்னும் புதிய மதிப்பும் கிடைத்தது. கீத் பீட்டர்ஸ் ரகுமானின் பதிவுகளில் நெடுங்காலம் வாசித்தமை இதற்குச் சான்று.

கேட்புச் சாதனங்கள்

பதிவான ஒலி அனைத்தும் கேட்கப்பட்ட ஒலியாகாது. சிறு டிரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கி 41 அலைகள் அளவிலான தாழ்சுரத்தை எழுப்பும் திறனற்றது. ஊர்த் திருவிழாக்களில் மரத்தின் மேல் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி, பேச்சுக்குரலைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல ஏற்றது. தாழ்சுரத்தை அது பெரும்பாலும் கைவிட்டுவிடும். அடிச்சுரம் இல்லாதபோதும் அதன் மேல்துணைச் சுரங்களைக் கொண்டு செவி அதனை ஓரளவு நிரப்பிக்கொள்ளும் என்பது ஒலியியல் உண்மை. எனினும் அந்நிரப்பலில் கனம் இல்லை.

ஆகவே ஒரே பாடல் இரு வேறு வடிவங்களில் வாழ்ந்தது. நகரின் ஸ்டீரியோ கருவியில் அது அடித்தளமுடைய பாடல். சிற்றூரின் கூம்பில் அது குரலும் தாளமும் மட்டுமுள்ள பாடல். ஒலிநாடாக் கருவிகளும், பெரிய ஒலிபெருக்கிகள் பொருத்திய தனியார் பேருந்துகளும் இவ்விடைவெளியைக் குறைத்தன. பேஸ் கிட்டார் பதிவில் நுழைந்த காலமும் அது பெரும்பான்மைத் தமிழர் செவியில் நுழைந்த காலமும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படும்.

மேடை

தாழ்சுரத்தை நேரில் உணர்த்திய களம் மெல்லிசைக் குழு. ஏ.வி. இரமணனின் ‘மியூசியானோ’ முதலிய குழுக்கள் திரைப்பாடல்களைப் பதிவில் கேட்டவாறே மேடையில் எழுப்ப முயன்றன. திருமணம், கோயில் விழா, அரசுப் பொருட்காட்சி எனக் களங்கள் விரிந்தன. இங்குக் கருவியின் எடையும் அளவும் முதன்மை பெற்றன. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலையின் வளைவுப் பாதையில் ஜமுனாமரத்தூர் வரை 6 அடி டபுள் பேஸைக் கொண்டுசெல்லுதல் பெரும்பாடு. பேஸ் கிட்டாரையோ தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். திரையிசையின் முழு வடிவம் கோடை விழா போன்ற மலையூர் மேடைகளுக்கும் எட்டக்கூடியதானமைக்கு இச்சிறுமை ஒரு காரணம்.

மேடை வேறு திறனையும் கோரியது. பதிவுக்கூடக் கலைஞர் எழுதியதை வாசித்தார். மேடைக் கலைஞரோ எழுதப்பட்ட தாள் கைக்குக் கிட்டாமையால், ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் செவியால் அடிக்குரலைப் பிரித்தெடுத்தார். நூற்றுக்கணக்கான பாடல்களின் பேஸ் பகுதிகள் இவ்வாறு வாய்மொழி மரபுக்கு நிகரான செவிவழி மரபில் பாதுகாக்கப்பட்டன.

பெயரின்மை

ரகுமானின் இசைத்தொகுப்பு உறைகளில் வாத்தியக் கலைஞர் பெயர்கள் அச்சிடப்பட்டமை முறைமாற்றத்தின் அடையாளம். ‘கோ’ (2011) படப் பாடலால் பாடகராகப் பரவலாக அறியப்பட்ட ஆலாப் ராஜு பேஸ் கிட்டார்க் கலைஞர். ரகுமானின் மேடைகளில் வாசித்த மும்பையைச் சேர்ந்த மோகினி டே, பேஸ் கிட்டார்க் கலைஞராகவே தனிப்பெயர் பெற்றார். முந்தைய தலைமுறைக்கு இவ்வாய்ப்பு அமையவில்லை. மும்பைத் திரையிசைக் கலைஞர்களை நேர்கண்டு கிரிகரி பூத் 2008இல் வெளியிட்ட நூல், பதிவுக்கூட வரலாற்றைக் கலைஞரின் வாய்மொழியிலிருந்து எழுத இயலும் என்பதை மெய்ப்பித்தது.

முடிவுரை

பேஸ் கிட்டார் தமிழ்த் திரையிசையில் சுருதி, தாளம், எதிர்மெட்டு ஆகிய முப்பணியை ஒருங்கே ஏற்றது. அதன் பரவலை இறக்குமதிக் கொள்கையும், கால்ஷீட் ஊதியமும், ஒலிபெருக்கியின் திறனும், பேருந்தில் ஏற்றத்தக்க அளவும் வடிவமைத்தன. இசையமைப்பாளரின் மேதைமையை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை விளக்க இயலாது. 1970களிலும் 1980களிலும் வாசித்தவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களின் நினைவும், அவர்கள் வைத்திருக்கும் சுரக்குறியீட்டுத் தாள்களும், பழைய கருவிகளுமே எஞ்சியுள்ள முதன்மைச் சான்றுகள். ஒரு பாடலில் யார் வாசித்தார், எக்கருவியில் வாசித்தார், எவ்வளவு ஊதியம் பெற்றார் என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகளைப் பல்கலைக்கழக இசைத்துறைகளும் தமிழ்த்துறைகளும் இப்போதே ஒலிப்பதிவு செய்து தொகுத்தல் வேண்டும். தாமதித்தால் பாடல்கள் இருக்கும். அவற்றின் அடித்தளத்தை அமைத்தோர் யார் என்பதைச் சொல்ல ஒருவரும் இரார்.