ஹரானின் கோள் வழிபாடு

துருக்கியின் தென்கிழக்கில், சிரிய எல்லைக்குச் சற்று வடக்கே இருக்கும் ஹரான், பழங்காலத்தில் வணிகப் பாதைகள் கூடிய ஊர். மெசபொத்தேமியரின் சந்திரக் கடவுளான சின்னுக்கு அங்கே பெருங்கோயில் இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டிலேயே அரசர்கள் அதில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டதை மாரி நகரின் களிமண் மடல் ஒன்று சொல்கிறது.

கி.மு. 610இல் அசீரியப் பேரரசின் கடைசிப் போர்களில் கோயிலும் பாழானது. அதற்குத் திருப்பணி செய்தவர் பாபிலோனின் கடைசி மன்னர் நபோனிடஸ். நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அவருடைய தாய் அதத்-குப்பி, சின்னின் தீவிர பக்தை. இதைக் கூறும் கல்வெட்டுகள் 1956இல், ஹரான் பெரிய பள்ளிவாசலின் வாசல்களில் தளக்கற்களாகக் கவிழ்ந்து கிடந்தன. புரட்டிப் பார்த்தால், கோலேந்திய அரசரும் அவர் முன்னே பிறை, சூரியன், விடிவெள்ளி உருவங்களும்.

ரோமர் காலத்திலும் கோயிலின் புகழ் குறையவில்லை. கி.பி. 217இல் பேரரசர் கரகல்லா கொலையுண்டது அங்கே போகும் வழியில்தான். அண்டை நகரான எடெஸ்ஸா கிறித்தவத்தைத் தழுவிய பிறகும் ஹரானில் பலர் பழைய தெய்வங்களை விடவில்லை. அவர்கள் ஞாயிறைச் சூரியனுக்கும் திங்களைச் சந்திரனுக்குமாக, நம் கிழமை வரிசைப்படியே ஏழு கோள்களுக்கும் நாள் ஒதுக்கியிருந்ததை 10ஆம் நூற்றாண்டின் இப்னு அல்-நதீம் பதிவு செய்திருக்கிறார்.

அவர் தரும் இன்னொரு கதை சுவையானது. 830 வாக்கில் படையோடு வந்த கலீஃபா அல்-மாமூன், நீண்ட முடியும் இறுகிய அங்கியுமாக நின்றவர்களைப் பார்த்து, எந்த மதத்தவர் என்று கேட்டார். பதில் வரவில்லை. தான் திரும்புவதற்குள் வேதமுள்ள ஏதாவதொரு மதத்தில் சேராவிட்டால் தலை தப்பாது என்று சொல்லிப் போனார். சட்டம் அறிந்த ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வழி சொன்னார்: குர்ஆனில் வரும் 'சாபியர்' நாங்களே என்று சொல்லிவிடுங்கள். கலீஃபா 833இல் இறந்துபோனார், பெயர் நிலைத்துவிட்டது. சாபியரை வெறுத்த கிறித்தவர் ஒருவர் வழி வந்த கதை என்பதால் அதை அப்படியே நம்புவதற்கில்லை.

இதே சமூகத்தில் பிறந்தவர் தாபித் இப்னு குர்ரா. நாணயம் மாற்றும் தொழில் செய்துவந்த அவர், பாக்தாத் சென்று கணித மேதையானார். அப்பொலோனியஸின் கூம்பு வெட்டுகள் நூலில் 5 முதல் 7 வரையான பகுதிகள் இன்று எஞ்சியிருப்பது அவருடைய அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே. சாபியர் வழிவந்த அல்-பத்தானி, ஆண்டின் நீளத்தை 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 விநாடி என்று கணித்தார். இன்றைய அளவோடு வேறுபாடு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு.

11ஆம் நூற்றாண்டில் சாபியரின் கடைசிக் கோயிலும் அழிக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் ஹரானைப் பிடித்த மங்கோலியர் அதன் மக்களை வேறு ஊர்களுக்குக் குடிபெயர்த்தனர்.